மஞ்சள் வயலில் ஒரு கறுத்த கீற்று

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம். யுத்தத்தால் பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்தது. நெல் விளைவிக்கிறவர்களுக்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுக்கும், ஆனால் கந்தோர் ஐயா என்று நாங்கள் சொல்லும் அதிகாரி வந்து பயிரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என்று கட்டுக்கரைக் குளத்துப் பக்கமெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அந்தப் பணம் ஒரு மாட்டுக்காக வேண்டியிருந்தது. சோடி எருதில் ஒன்று கோடையில் செத்துப்போனது. மற்றது வைக்கோல் தின்றதே தவிர, தனியாக எதை உழும்?

நான் தீவில் பிறந்த கடற்காரன். மனைவியின் சீதன வயலால்தான் கமக்காரன் ஆனேன். அந்த வயல் வாய்க்காலின் கடைசியில் கிடந்தது. குளத்தில் தண்ணீர் குறைந்தால் எங்கள் பக்கத்தில் எல்லா வயலையும் விதைக்க மாட்டோம். குளத்துக்குக் கிட்ட உள்ள மேல்வயல்களை மட்டும் எல்லோருமாகப் பங்கிட்டு விதைப்போம். அந்த வருடம் எனக்குக் கிடைத்த பங்கு நானாவின் வயலில். நானா என்று நான் கூப்பிட்டது பக்கத்து முஸ்லிம் கமக்காரரை. பங்குக்கு வரம்பு கட்டுவதில்லை. இரண்டு முனையிலும் தடி ஊன்றினால் போதும்.

விதைநெல்லை முருங்கன் சந்தையில் நானே வாங்கினேன். மீனைத் தூக்கிப் பார்க்கிற மாதிரிக் கையில் அள்ளிப் பார்த்து, கனமாக இருந்ததை எடுத்தேன். அது கறுத்த நெல். கதிர் முற்றியபோது நானாவின் மஞ்சள் வயலுக்கு நடுவே என் பங்கு கரி பூசியதுபோல நின்றது.

“தம்பி, விதைச்சது நெல்லா, எள்ளா?” என்று நானா போகும்போதும் கேட்பார், வரும்போதும் கேட்பார்.

என் மனைவி அதற்கும் மேலே. “இவர் வலை போடத்தான் சரி,” என்றாள்.

கந்தோர் ஐயா வந்தார். முதலில் எங்கள் சொந்த வயலைப் பார்த்தார். அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

“இதிலை பயிரே இல்லையே. எதுக்குப் பணம்?”

“என்ர பயிர் மேல்வயலிலை நிக்குது ஐயா.”

மேல்வயலுக்குக் கூட்டிப்போனேன். ஊன்றிய தடிகளை யாரோ அடுப்புக்கு எடுத்துப்போயிருந்தார்கள். ஐயா அங்கே நின்ற நானாவைப் பார்த்தார்.

“காணி உங்கடைதானே? அப்ப முழுப் பயிரும் உங்கடை பேரிலைதான் வரும்.”

என் மாடு போய்விட்டது என்றே நினைத்தேன். நானா ‘ஓம், என்ட பயிர்தான்’ என்றால் முடிந்தது.

“காணி என்டதான்,” என்றார் நானா. “ஆனா அந்தக் கறுப்பை என்ட தலையில கட்டாதீங்க ஐயா. அத விதைச்சன் எண்டு தெரிஞ்சா என்ட மனுசி வீட்டுக்க விடமாட்டா. கேட்டுப் பாருங்க, இந்த ஊருக்கே தெரியும் அது ஆரிட எண்டு.”

வரம்பில் நின்றவர்கள் எல்லோரும் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். கறுப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நடந்து பார்த்து, அதை என் பெயரில் போட்டுக்கொண்டார்.

பணம் வந்ததும் மாடு வாங்க நானாவையும் கூட்டிப்போனேன். “கனத்தப் பாத்து வாங்கவேணாம், பல்லப் பாருங்க,” என்றார்.

அடுத்த மழைக்குக் குளம் நிறைந்தது. சீதன வயலில் சோடி மாட்டோடு உழுதுகொண்டிருந்தேன். நானா வரம்பில் வந்து நின்றார்.

“இந்த முறை என்ன விதைப்பு?”

“கறுப்புத்தான் நானா. மீன்கறிக்கு அந்தச் சோறு நல்லாயிருக்கு.”

அவர் முகத்தை மேல்வயல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நெல்லு வெட்டினா எங்களுக்கும் கொஞ்சம் அனுப்புங்க,” என்றார். “மனுசி கேட்டவ.”