காட்பாடி வண்டியும் கைப்பிடியின் மேல் ஒரு சிவப்புத் தொப்பியும்

அன்று காலை எங்கள் வண்டி வழக்கமான வேகத்தில் போயிருந்தால் அந்தத் தண்டவாளம் தாங்கியிருக்குமா? எனக்குத் தெரியாது. ரயில்வேக்காரர்களைக் கேட்டேன்; அவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை.

1984 பங்குனிப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போயிருந்தேன். மலை சுற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உடன் வந்த தோழிக்கு உண்டு. பதினான்கு கிலோமீட்டர் நடந்தோம். அடி அண்ணாமலையில் குடித்த சுக்குக் காபி நன்றாக இருந்தது என்பதை மட்டும் என்னால் சாட்சி சொல்ல முடியும். மறுநாள் தோழி ஊர் திரும்பினாள். நான் வேலூர்க் கோட்டையைப் பார்க்கலாமென்று காட்பாடிக்கு டிக்கெட் எடுத்தேன். தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம், ஏழு ரூபாய்க்குள், மூன்று மணி நேரப் பயணம்.

வண்டி ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும். பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே ஜுலேகா என்ற அம்மாள், மடியில் ஒரு பெரிய முறுக்கு டப்பாவுடன் உட்கார்ந்திருந்தார். திருவண்ணாமலையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். வாணியம்பாடியில் மாமா வீட்டில் இருந்த மகன் சலீமுக்குத் திடீரென்று சவுதி விசா வந்துவிட்டது. வீட்டுக்கு வந்துபோக நேரமில்லை. பம்பாய் வண்டி இரண்டேகால் மணிக்குக் காட்பாடியில் நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தந்தி அடித்திருந்தான். திரும்பி வர மூன்று வருடமாகும்.

பத்து மணியாகியும் வண்டி நகரவில்லை. இறங்கி விசாரித்தேன். சற்று முன் காட்பாடியிலிருந்து வந்த வண்டியின் டிரைவர், ஊருக்கு வெளியே ஓரிடத்தில் சக்கரம் தடக்கென்று இடித்ததாகச் சொல்லியிருக்கிறார். உடனே ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் செய்து, இரு பக்கமிருந்தும் வண்டி விடுவதை நிறுத்திவிட்டார். பாதையைப் பார்க்க மேஸ்திரியும் ஆட்களும் டிராலியில் போயிருந்தார்கள்.

இந்த ஒற்றைப் பாதையில், அடுத்த ஸ்டேஷன் சம்மதம் தந்தால்தான் மாஸ்டர் அறையிலிருக்கும் இயந்திரத்திலிருந்து ஓர் இரும்புப் பந்து வெளியே வரும். அது கையில் கிடைக்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அந்த இயந்திரத்தின் கைப்பிடியில் சிவப்புத் தகரத் தொப்பி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"பழக்கத்துல கை தானாப் போயிடும்மா. போன் மணி அடிச்சா திருப்பிடுவேன். என் கையை நானே நம்பறதில்ல" என்றார் மாஸ்டர்.

வாசலில் கூட்டம் சேர்ந்தது. "நேத்து கூட்டத்துல எவனாவது தேங்கா மூடியைத் தண்டவாளத்துல போட்டிருப்பான் சார். அதுக்குப் போயி வண்டியை நிறுத்துவாங்களா?" என்றார் ஒருவர்.

"தேங்கா மூடியா இருந்தா மொதல்ல சந்தோஷப்படறது நான்தாங்க."

ஜுலேகாம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து விவரம் சொன்னார். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவே பஸ்ல போயிடுங்கம்மா. இது எப்போ கிளம்பும்னு என்னால சொல்ல முடியாது."

"போயிப் பாத்துட்டுத்தான் வர்றேன். பௌர்ணமிக் கூட்டம் ஜாஸ்தி, படியில கூட எடமில்ல. உங்க புள்ளையா இருந்தா இப்படி நிறுத்துவீங்களா?"

"எம்புள்ளையே இந்த வண்டியில ஏறியிருந்தாலும் நிறுத்துவேம்மா."

அந்த அம்மாள் பெட்டிக்குத் திரும்பிப் போனார். எனக்கும் அப்போது மாஸ்டர் மீது எரிச்சல்தான். ஒரு டிரைவரின் உடம்பில் பட்ட குலுக்கல் ஒன்றைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் மாஸ்டர் மறுபடி போனை எடுத்து, அம்மா வரும் வண்டி தாமதம் என்று காட்பாடியில் சலீம் என்ற பையனுக்கு ஒலிபெருக்கியில் தகவல் சொல்லச் சொன்னதைக் கேட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மேஸ்திரியிடமிருந்து செய்தி வந்தது. உடைப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை; தண்டவாள இணைப்பு ஒன்று மட்டும் சற்றுத் தாழ்ந்திருக்கிறது; அவர் முன்னால் நின்று கொடி காட்ட, வண்டி நடைவேகத்தில் வரலாம். மாஸ்டர் அதை எழுத்தில் வாங்கிய பிறகே தொப்பியை எடுத்தார். அந்த இடத்தில் வண்டி நின்று, பிறகு ஊர்ந்து கடந்தது. "ஒண்ணுமில்லியாமே!" என்று பெட்டியில் சிரித்தார்கள். ஜுலேகாம்மா சிரிக்கவில்லை.

காட்பாடி போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். பம்பாய் வண்டி போய்விட்டிருந்தது. ஒரு போர்ட்டர் சொன்னார்: "மைக்குல பேர் சொன்னாங்களே, அந்தப் பையனா? ஏறவே மாட்டேன்னு நின்னான். கூட வந்தவரு கையைப் பிடிச்சு இழுத்து ஏத்தினாரு." அந்த அம்மாள் டப்பாவை அணைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். வேலூரில் அவருடைய தங்கை வீடு வரை கூடப் போனேன்.

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காட்பாடியில் வேறு வண்டி பிடிக்க வேண்டுமென்றால் கையில் அரை நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கு மறுநாள் பஸ்ஸை நம்பாதீர்கள். வேலூர்க் கோட்டைக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போனால் வெயில் கம்மி. வண்டியை நிறுத்தினால் காரணம் கேளுங்கள், சொல்கிறார்கள்.

மறுநாள் காலை அதே பாதையில் திரும்பினோம். ஜுலேகாம்மாவும் என்னுடன் வந்தார். திருவண்ணாமலைக்குச் சற்று முன்னால், முந்தின நாள் ஊர்ந்து கடந்த அதே இடத்தில், சிவப்புக் கொடிக்கு வண்டி நின்றது. பாதையோரம் கழற்றிப் போட்ட தண்டவாளம் ஒன்று கிடந்தது. இணைப்புப் பட்டையைக் கழற்றிய பிறகுதான் தெரிந்ததாம்: உள்ளே போல்ட் துளையிலிருந்து ஒரு விரிசல், என் சுண்டுவிரல் நீளத்துக்கு. ஜுலேகாம்மா ஜன்னல் வழியாக அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"பம்பாய் வரைக்கும் இந்தமாதிரி பாக்கறவங்க இருக்காங்களாப்பா?"

"இருக்காங்கம்மா. எங்களாட்டம் வழியெல்லாம் இருக்காங்க."

ஜுலேகாம்மா முறுக்கு டப்பாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "எல்லாரும் சாப்பிடுங்க. டப்பா எம் மருமகளோடது, ஸ்டேஷன்ல குடுத்துடுங்க. மாஸ்டர்கிட்ட நான் வந்து வாங்கிக்கறேன்."

பச்சைக் கொடி காட்டினார்கள். வண்டி நடைவேகத்தில் புதுத் தண்டவாளத்தைக் கடந்தது.