நாலு குழாய்களுக்கு மேல்

சம்பந்தத்தைக் கடல் இருபது வயதிலேயே ஒதுக்கிவிட்டது. கட்டுமரத்தில் வலிப்பு வந்து விழுந்தவனை இரண்டு முறை கரைசேர்த்தவர்கள், அதற்குப் பிறகு ஏற்றிக்கொள்ளவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலுக்குப் போகாத ஆணுக்கு மீனில் பங்கு கிடையாது. பங்கு இல்லாதவன் ஊர்க்கூட்டத்தில் வட்டத்துக்குள் உட்கார முடியாது. வெளியே நின்று கேட்டுக்கொள்ளலாம். கல்யாணமான பிறகும் அவன் நின்றுதான் கேட்டான்.

அவனை உட்காரவைத்தது ஓர் ஆம்ப்ளிஃபையர். பழவேற்காடு கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஜலாலுதீன் பழைய பெட்டி ஒன்றைச் சரிசெய்து, நாலு ஒலிபெருக்கிக் குழாய்களோடு கொடுத்தார். மனைவி லோகாம்பாளின் கம்மல் அதில் போயிற்று. குப்பத்துக்கு அப்போது கரண்ட் வந்திருக்கவில்லை. பெட்டி கார் பேட்டரியில் ஓடியது.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாட்டுப் போட்டதற்காக யாரும் அவனை மதித்துவிடவில்லை. மார்கழிப் பனிதான் அவனுக்கு மதிப்புத் தந்தது. விடியற்காலை கரை தெரியாமல் கட்டுமரங்கள் தடுமாறியபோது, அவன் மணல்மேட்டில் குழாய்களைக் கடலைப் பார்த்துக் கட்டி, ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டான். சத்தம் வந்த திக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஊர்த் தலைவர் சுப்பராயலு சொன்னார்: "அவன் கடலுக்குப் போவலைன்னா இன்னா? அவன் கொரலு போவுது. அவனுக்கும் ஒரு பங்கு."

சம்பந்தம் வட்டத்துக்குள் உட்கார்ந்தான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அன்று அவனுக்குத் தெரியவில்லை.

ஜலாலுதீன் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "குழாய் ஒவ்வொண்ணும் பதினாறு ஓம்ஸ்பா. நாலையும் பக்கம்பக்கமா மாட்டினா தடை கொறஞ்சி நாலு ஓம்ஸ். அதுக்கு மேல மாட்டினா தடை இன்னும் கொறையும், பெட்டி தாங்காத அளவுக்குக் கரண்ட்ட இழுக்கும். அதான் பியூஸ் வச்சிக்கிறேன். அது போச்சுன்னா நிறுத்திடு. அது உன்னிய காப்பாத்தத்தான் போவுது."

எண்பத்தொன்றாம் வருஷம் ஆடித் திருவிழாவில் வடக்கே இருந்த குப்பத்துக்காரர்கள் ஆறு குழாய் கட்டினார்கள். மறுவாரம் இந்தக் குப்பத்தின் முறை. சுப்பராயலு பொன்னேரியிலிருந்து நாலு குழாய்களை வரவழைத்து, சம்பந்தத்தின் முன்னால் இறக்கினார்.

"எட்டு. நம்ம அம்மன் பாட்டு அவன் ஊட்டுல கேக்கணும்."

"மாமா, பெட்டி நாலுதான் தாங்கும்."

"கொழாய் சாஸ்தியானா சத்தம் சாஸ்தியாவும். இதுல இன்னாடா கணக்கு?"

"கொஞ்சம் பாத்து சொல்லு மாமா... பியூஸ் போயிடும்."

மாட்டினான். பாட்டு எடுத்த எடுப்பிலேயே நின்றது. பியூஸ் போயிருந்தது. வேறு பியூஸ் போட்டான், அதுவும் போயிற்று. கூட்டத்தில் ஒருவன், "அம்மனுக்கு இன்னிக்கு மௌன விரதம் போலக்குது!" என்றான். சிரிப்பு எழுந்தது. சுப்பராயலு குனிந்து, கருகிப்போன பியூஸை விரலால் எடுத்துப் பார்த்தார். தலைமுடிபோல் ஒரு கம்பி, நடுவில் அறுந்து.

"இத்த நம்பியா இருக்கிற? அறுந்துபோற கயித்த வச்சிகினு எவனாவது கடலுக்குப் போவானாடா? தடியா, மொத்தமா ஒரு கம்பி போடு!"

அவர் கெட்டவர் இல்லை. கடலில் அறுகிற கயிறு ஆளைக் கொல்லும். அறுந்த இடத்தில் இன்னும் தடித்த கயிற்றைக் கட்டித்தான் அவரும் அவர் அப்பனும் பிழைத்தார்கள். அறுவதற்கென்றே ஒரு கம்பியைச் செய்துவைப்பார்கள் என்பது அங்கே நின்றிருந்த யாருக்கும் புத்தியில் ஏறக்கூடியதல்ல. சம்பந்தத்துக்கு மட்டும் தெரியும். ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வட்டத்தில் உட்காருகிறவர்கள். அவன் வயரைச் சீவினான். செம்புக் கம்பிகளை முறுக்கி, பியூஸ் இருந்த இடத்தில் தன் கையாலேயே வைத்துக் கட்டினான்.

எட்டுக் குழாய்களும் அதிர்ந்தன. ஊர் கைதட்டியது. அவனுக்கும் நெஞ்சு நிறைந்தது. அதை இல்லையென்று சொல்ல முடியாது. முதல் பாட்டு முடிவதற்குள் பெட்டியிலிருந்து புகை வந்தது.

மறுநாள் கடையில் ஜலாலுதீன் மூடியைக் கழற்றிப் பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மர் வெந்து கருத்திருந்தது. செம்புக் கம்பிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"யாருபா இத கட்டினது?"

"ஊருல சொன்னாங்க பாய்."

"ஊரு சொல்லும். கையி யாருது?"

பெட்டியைப் பிழைக்கவைக்க முடியவில்லை. அந்த மார்கழியில் கரையில் நெருப்பு மூட்டினார்கள். பனியில் நெருப்பு தெரியவில்லை. ஒரு கட்டுமரம் மணல்திட்டில் மோதி உடைந்தது. ஆட்கள் நீந்திப் பிழைத்தார்கள். கூட்டத்தில் மரத்துக்காரன் கேட்டான்: "கொரலுக்குத்தான பங்கு? கொரலு எங்க?"

சம்பந்தம் தலைவரைப் பார்த்தான். அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நீதான மாமா மொத்தமா போடச் சொன்ன' என்ற வாக்கியம் அவன் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் பங்கு திரும்பிவிடாது, தலைவரின் மனசும் போய்விடும் என்று கணக்குப் போட்டு விழுங்கினான். தப்புக் கணக்கு. விழுங்கியதாலும் பங்கு நிற்கவில்லை. எழுந்து வட்டத்துக்கு வெளியே போய் நின்றான். அவன் இருந்த இடத்தை மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்து நிரப்பிக்கொண்டார்கள்.

அடுத்த ஆடிக்குப் பொன்னேரியிலிருந்து அம்பாசிடர் காரில் மைக் செட் வந்தது. மீசை முளைத்தும் முளைக்காத ஆபரேட்டர் நாலு குழாய்களைக் கட்டிவிட்டு பீடி பற்றவைத்தான்.

"நாலுதானா? எட்டு மாட்டுப்பா," என்றார் சுப்பராயலு.

"மாட்டுனா பெட்டி எரியும். நாலுதான். வேணான்னா சொல்லு, கழட்டிகினு போறேன்."

சம்பந்தம் தலைவரின் முகத்தைப் பார்த்தான். சுப்பராயலு முணுமுணுத்தவர்களின் பக்கம் திரும்பினார். "தொழில் தெரிஞ்சவன் சொல்றான், சும்மா இருங்கடா!"

பாட்டு தொடங்கியது. கருவாட்டுக் கூடையோடு வந்த லோகாம்பாளிடம் சம்பந்தம் மெல்லச் சொன்னான்: "நானும் இதத்தான சொன்னேன்."

"நீ எங்க சொன்ன? கெஞ்சின."

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவன் அங்கேயே நின்றான். நாலு குழாய்களும் ஊரைப் பார்த்துத்தான் கட்டப்பட்டிருந்தன. கடலைப் பார்த்து ஒன்றுகூட இல்லை.