கல்லறைப் புல்லின் வேர்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி மாசத்துக் காற்று ஆளைத் தூக்கிக் கொண்டுபோய்த் தோவாளையில் போடும். தாணம்மாளை மட்டும் தொடாது. பயம். கோபம் வந்தால் காற்றையே நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்பாள். வருஷத்தில் முந்நூற்றறுபது நாள் அவளுக்குக் கோபம். மீதி அஞ்சு நாள் காய்ச்சல்.

அவளிடம் இருந்தது ஒரு செவலைப் பசு. புருஷன் செத்த பிறகு மூன்று பிள்ளைகளின் கஞ்சியும் அந்த மடியிலிருந்துதான் வந்தது. கொல்லம் ஆண்டு 1109 பிறந்த ஆவணியில் மடி வற்றிவிட்டது. மலையடிவாரத்து ஊர்ப்பொது மேய்ச்சல் தரையில் பசுவுக்கு நக்கக்கூடப் புல் இல்லை.

மழையில்லை, அதுதான் என்றது ஊர். ஊரைவிடச் சத்தமாகச் சொன்னவர் இஸ்ரவேல். சபைக் கமிட்டியில் பெரிய ஆள். அவருடைய இருநூறு செம்மறியும் ஒரு வருஷமாக அந்தத் தரையை விட்டு நகரவில்லை. ஒரு தளிர் தலைநீட்டினால் இருநூறு வாய் வரிசையில் நிற்கும். அவரோ மழைக்கு உபவாச ஜெபம் வைத்து, முதல் ஆளாக முழங்கால் போட்டார்.

ஐப்பசி மழை வரைக்கும் வடக்குப் பாதியையாவது சும்மா விடும்படி தாணம்மாள் போய்க் கேட்டாள். ஆடு மேலே உள்ளதைத்தான் தின்னுகிறது, வேர் பத்திரமாக மண்ணுக்குள் கிடக்கிறது, மழை பெய்தால் தானே முளைக்கும் என்று சொல்லி அவர் சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த வாழைக்குலை, பூசணி, சேவல் எல்லாவற்றையும் உபதேசியார் ராஜையன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பொருளுக்கும் முதல் ஏலக் கேள்வி இஸ்ரவேலுடையது. அவர் வாய் திறக்காமல் ஊரில் ஒருத்தன் கேட்கமாட்டான். தாணம்மாளின் ஓலைப்பெட்டியைத் திறந்த உபதேசியாருக்கு வாய் மூடவில்லை. உள்ளே மண்ணோடு இரண்டு புல் தூறு.

“இது என்னம்மா?”

“காணிக்கை. ஏலம் போடும், உபதேசியாரே.”

கோயில் ஓடு பறக்கிற மாதிரி ஜனங்கள் சிரித்தார்கள்.

“ஏட்டி தாணம்மா,” என்றார் இஸ்ரவேல், “ஆண்டவரு என்ன மாடா வளக்காரு?”

தாணம்மாள் இரண்டு தூறையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். ஒன்றின் வேர், சவரம் செய்த மறுநாள் தாடி. மற்றதின் வேர் பாதாளத்தில் நங்கூரம் போட்டது மாதிரி தொங்கியது.

“இந்த விரக்கட நீள வேரு, ஒம்ம ஆடு மேயுத தரையில உள்ளது. இந்த ஒரு முழ வேரு கல்லறைத் தோட்டத்துல உள்ளது. ஒம்ம அப்பன் தலமாட்டுலதான் தோண்டுனேன். நடுவுல ஒரு செவருதான். மழை செவரு பாத்தா பெஞ்சுது?”

முழ வேரை இஸ்ரவேலின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“மேல எல நின்னாத்தான் கீழ வேரு எறங்கும். முளைக்க முளைக்கக் கடிச்சா வேரு எதத் திங்கும்? இனி ஆண்டவரு மழையக் கொட்டுனாலும் குடிக்கதுக்கு வேரு வேணும்லா.”

உபதேசியார் தொண்டையைச் செருமிவிட்டு, ஒருதரம் என்றார். முதல் கேள்விக்காரரை ஊரே திரும்பிப் பார்த்தது. இஸ்ரவேல் கேட்டார். குரல் அவருடைய செம்மறிக்கே அடையாளம் தெரிந்திருக்காது. போட்டிக்கு ஆளில்லை. அப்பன் தலைமாட்டுப் புல்லை அவரே கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுவாரம் செம்மறிகள் வடக்குப் பாதியை விட்டன. தாணம்மாள் முள்வேலி கட்டினாள். இரண்டாம் நாளே ஒரு திருட்டு வாய் வேலியைப் பிய்த்துக்கொண்டு நுழைந்தது. அவளுடைய செவலைதான். அன்று அவள் திட்டிய திட்டில் கணவாயில் ஒரு மணி நேரம் காற்று வீசவில்லை.

பசுவைக் கட்டிப்போட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் புல் அறுத்துப் போட்டாள், அதுவும் தரையிலிருந்து நாலு விரல் விட்டு. ஐப்பசி மழையில் வடக்குப் பாதி பச்சை பிடித்தது, மடியும் கனத்தது. இந்தத் தடவை ஊர் அவளைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தெற்குப் பாதியில் இருநூறு வாயும் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தன.