நுனி ஒடிந்த வெண்டைக்காய்

காய்கறிப் பிரிவில் நிற்பவனுக்கு முதலாளிகள் இரண்டு பேர்: ஒருவர் கல்லாவில் இருப்பார், இன்னொருவர் பின்வாசலில் குப்பைத் தொட்டியாக இருப்பார். கள்ளக்குறிச்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இந்த இருவரிடமும் மாட்டிக்கொண்ட கிழவன் நான். என்னைப் போல் தராசுக்குப் பின்னால் நின்று அவதிப்பட்டவர்களுக்கு மீதி புரியும். கல்லா முதலாளி ஒருநாள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த மாசமும் இது ரொம்பினா காய்கறிய எடுத்துட்டு பிளாஸ்டிக் வாளி அடுக்கிடுவேன். நீங்களும் வூட்ல ரெஸ்ட் எடுங்க பெரியவரே."

படக்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். படக்கென்று ஒடிந்தால் பிஞ்சு. அந்தப் பிஞ்சையாவது எடுப்பார்களா? அதைப் போட்டுவிட்டு இன்னும் யாரும் ஒடிக்காததைத் தேடுவார்கள். நான் கூட்டி அள்ளிய நுனிகளில் ஒரு கல்யாணத்துக்கே சாம்பார் வைக்கலாம். சந்தேகம் இருந்தால் என் துடைப்பத்தைக் கேளுங்கள்.

தியாகதுருகத்து அம்மா ஒருவர் ஒரு கூடை முழுக்க ஒடித்துவிட்டுப் பக்கத்துக் கூடையிலிருந்து கால் கிலோ எடுத்தார். ஒடித்ததையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"இன்னாங்க பெரியவரே, ஒடிஞ்ச காய யாராவது துட்டு குடுத்து வாங்குவாங்களா?"

ஆட்டுக்குப் போன கீரை

கல்வராயன் மலையிலிருந்து சாமான் வாங்க வருபவர் ஒருவர் ஆடு வளர்க்கிறார். வாடின கீரையை மூட்டை கட்டி அவரிடம் சும்மா கொடுத்தேன். தொட்டி ஒரு வாரம் பசியோடு கிடந்தது. அடுத்த வாரம் அதே மூட்டை பஸ் ஏறி மலையிறங்கி வந்தது, கட்டுகூட அவிழவில்லை.

"மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங்க. எங்க ஆடுங்க நேத்துப் பறிச்ச தழையவே தொடாது, இத எப்பிடிங்க தின்னும்?"

பாதி விலை

யோசித்து ஓர் அட்டை எழுதி மாட்டினேன்: 'நுனி ஒடிந்தது பாதி விலை.' மதியத்துக்குள் ஒடிந்த கூடை காலி. கண்டுபிடித்துவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் நல்ல கூடைப் பக்கம் படக், படக் என்று சத்தம். தியாகதுருகத்து அம்மாதான். பிஞ்சா முற்றலா என்றுகூடப் பார்க்கவில்லை. ஒரே மூச்சாக ஒடித்து, அள்ளிக்கொண்டு வந்து தராசில் கொட்டினார்.

"எல்லாம் ஒடிஞ்சுதாங்க இருக்குது, எழுதி வெச்ச மாரி போடுங்க."

மாதக் கடைசி

முதலாளி வந்தார். தொட்டியைப் பார்த்தார், பிறகு கல்லாவைப் பார்த்தார்.

"ரெண்டும் காலியாத்தான் இருக்குது பெரியவரே."

ஆனாலும் தொட்டி நிறையவில்லை என்பதால் என்னை அனுப்பவில்லை, வாங்கி வைத்த வாளிகளை என் தலையில் கட்டினார். இப்போது வெண்டைக்காயை வாளிக்குள் போட்டு மூடித்தான் விற்கிறேன், ஜனங்கள் மூடியின் பிடியை ஒடித்துப் பார்க்கிறார்கள்.