கிளி மூக்கு ஆமை

வாகாடு பக்கத்துக் கடற்கரையில் ஆமை முட்டைகளுக்குக் காவல் இருந்தவர் அவர். ஒல்லியான, கறுத்த மனிதர். ஆமையைத் தொடும் முன் கையைக் கடல்நீரில் நனைத்துக்கொள்வார். செத்துக் கரை ஒதுங்கியதற்கும் அதே மரியாதைதான்.

நகரியிலிருந்து சும்மா கடல் பார்க்கப் போயிருந்த என்னை அவர்தான் கூப்பிட்டு, அப்படி ஒதுங்கிய ஒன்றைக் காட்டினார்.

"ஓட்டப் பாத்தா பங்குனி ஆமை சார். வாய் மட்டும் அழுங்காமை மாதிரி கிளி மூக்கு. ரெண்டும் கலந்து பொறந்துக்கீது."

"காதல் கல்யாணமா அண்ணா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தன் இனத்துல ஜோடி கெடைக்கலன்னாதான் வேற இனத்தோட சேரும். அழுங்காமை அவ்ளோ கொறைஞ்சுபோச்சு. பாரஸ்ட் ஆபீஸ்ல சொன்னா குடிச்சுட்டு ஒளர்றன்றாங்க. எங்கிட்ட பட்டன் போன்தான். நீங்க போட்டோ புடிச்சு அனுப்புங்க சார்."

எடுத்தேன். ஆபீஸ் நம்பரை வாங்கிக்கொண்டு, என் நம்பரையும் அவருக்குக் கொடுத்தேன். மறுவாரம் திருமலையில், மொட்டைத் தலையோடு ஆடிய அக்கா பேரனை வீடியோ எடுக்கப் போனில் இடமில்லை. அனுப்பாமலே கிடந்த ஆமைப் படங்களை அழித்தேன்.

பிறகு அவரே போன் செய்தார்.

"அனுப்பிட்டீங்களா சார்?"

"அன்னிக்கே அனுப்பிட்டேன் அண்ணா."

"அப்ப சரி. பொதைச்சு வெச்சு, நாய் தோண்டாம பாத்துக்கினு கீறேன். வருவாங்க இல்ல?"

"வருவாங்க" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு யாரையாவது பிடித்துத் தோண்டிக் காட்டியிருப்பார். ஊரில் யாரைப் பார்த்தாலும் நின்று பேசுகிறவன் நான். அவர் நம்பர் வந்தால் மட்டும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.