கைதிப் பதிவேட்டில் ஒரு வரி

டெக்சஸ் சிறைகளின் வரலாற்றை என் மனைவி ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் துணையாக, நாங்கள் வசிக்கும் பிளானோவிலிருந்து ஆஸ்டினில் உள்ள ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். எதிர் மேசையில் எழுபது வயதுக் கறுப்பினப் பெண்மணி ஒருவர் பழைய கைதிப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை முடி, இஸ்திரி கலையாத நீலச் சட்டை. ஒவ்வொரு பெயரையும் உதட்டுக்குள் வாசித்த பிறகே அடுத்த வரிக்குப் போனார்.

மதியம் சட்டென்று நிமிர்ந்தவர், யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோல என்னைக் கூப்பிட்டு ஒரு பெயரைக் காட்டினார். அவருடைய கொள்ளுத் தாத்தா. பன்றி திருடியதாகப் பிடித்துச் சிறையில் போட்டு, அங்கிருந்து ஒரு கரும்புத் தோட்டக்காரரிடம் வேலை செய்ய வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். உயரம், இடது புருவத்துத் தழும்பு, பாத அளவு எல்லாம் எழுதியிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. என் கொள்ளுத் தாத்தாவும் மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்தான். திரும்பவில்லை. அவர் பெயர்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"நீங்க குடுத்து வச்சவங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "சங்கிலி போட்டதாலதான் எழுதி வச்சிருக்காங்க. விடுதலையான தேதி காலியா இருக்கு, பாருங்க" என்றார்.

திரும்பும்போது காரில் மனைவி கேட்டாள்: "என்னங்க, என்ன யோசனை?"

"அந்தம்மாவ நெனச்சா பொறாமையா இருக்கு."

"ஜெயிலுக்குப் போன தாத்தாவுக்காகவா?"

"ஆமா" என்றேன். வெட்கமாக இருந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை.