ஒன்பதாம் ஆணி

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். அமீரகத்து அல் ஐன் நகரில் அன்று நாற்பத்தேழு டிகிரி. காற்று அசையவில்லை. கொடியில் போட்ட துணி இருபது நிமிடத்தில் அப்பளம்போல் விறைத்துவிடும். எனக்குப் பத்து வயது. இதெல்லாம் எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். இன்னும் நாற்பதைத் தொடவில்லை, அதற்குள் என் வீட்டில் என்னைக் கிழவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். படுக்கும் முன் காஸ் குமிழை மூன்று முறை பார்ப்பேன். ஓட்டலுக்குப் போனால் உட்காருமுன் வாசல்களை எண்ணுவேன். எண்ணுகிற பழக்கம் அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே எனக்கு இருந்தது. பயம் அன்றுதான் வந்து சேர்ந்தது.

நாங்கள் இருந்தது ஒரு பழைய அரபு வீடு. பிளைவுட் பலகையால் தடுத்து அதைப் பதினான்கு அறைகளாக்கியிருந்தார்கள். நான்கில் குடும்பங்கள், பத்தில் பாச்சிலர்கள். அறைக்கு ஒரு காஸ் சிலிண்டர், எல்லோருக்குமாக ஒரே வாசல். அப்படித் தடுப்பது சட்டப்படி கூடாது. ஆகவே தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட முடியாது. வண்டி வந்தால் தீ அணைந்துவிடும், ஆனால் வந்தவர்கள் தடுப்புகளைப் பார்ப்பார்கள், மறுமாதம் பதினான்கு அறைக்காரர்களும் தெருவில் நிற்பார்கள்.

அதனால்தான் அங்கே ஒரு தீப்படை உருவானது. என் அப்பா, என் தாய்மாமா, முனைக்கடை பாய் என்று மூன்று பேர். தலைவர் மாமாதான். அவர் ருவைஸ் எண்ணெய் ஆலையில் இரண்டு வருடம் வெல்டிங் செய்கிறவர் பக்கத்தில் தீயணைப்பானோடு நின்றவர். அந்த இரண்டு வருடத்தில் அவர் அணைத்த தீ மொத்தம் பூஜ்யம். ஆனாலும் காம்பவுண்டில் வேறு யாரும் தீயணைப்பானைக் கையால் தொட்டதுகூட இல்லை. அறைக்கு மாதம் ஐந்து திர்ஹம் என்று முடிவாகி, இரண்டாம் மாதமே ஆறு அறைகள்தான் கொடுத்தன. மூடப்பட்ட ஒரு சூப்பர் மார்க்கெட் வீசியெறிந்த மூன்று தீயணைப்பான்கள், எட்டு நெய் டின்களில் மணல், எட்டாம் அறைவரை மட்டுமே எட்டுகிற ஒரு குழாய். படையின் ஆயுதம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் அறைச் சுவரில் ஒரு பலகை, அதில் பதினான்கு ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஓர் அறையின் மாற்றுச் சாவி. ஆள் இல்லாத அறையில் தீப்பிடித்தால் பூட்டை உடைத்து நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது மாமாவின் ஏற்பாடு. முன்பின் தெரியாத பாச்சிலர்கள்கூட சாவி கொடுத்தார்கள். சாவியோடு சேர்த்துச் சந்தேகத்தையும் கொடுத்தார்கள். யாருடைய சோப்பு தேய்ந்தாலும் படைதான் காரணம்.

"அண்ணே, தீ வந்தா தேங்காயெண்ணெய ஊத்தியா அணைப்பீங்க? என் பாட்டில்ல பாதிய காணோம்" என்றான் பன்னிரண்டாம் அறைக்காரன்.

மாமா தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினார். "நல்லாப் பாருல. ஒன் எண்ணெய நான் எங்கன தேய்க்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தினமும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

ஒன்பதாம் அறை ராமநாதபுரத்து டிரைவர் ஒருவருடையது. ஊருக்கு மூன்று மாத விடுப்பில் கிளம்பும்போது என்னிடம் ஒரு சாக்லேட் டப்பாவைக் கொடுத்து, "தம்பி, தீப்படையாம் தீப்படை. எனக்கு ஒன்மேலதான் நம்பிக்கை. என் பெட்டி ஒன் பொறுப்பு" என்று கண்ணடித்தார். கண்ணடித்ததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. டப்பாவில் இருபத்துநான்கு சாக்லேட்கள் இருந்தன. வாங்கிய கூலிக்கு வேலை பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஜூலை பத்தாம் தேதி மாலை எண்ணியபோது பதின்மூன்று சாவிகளே இருந்தன. ஒன்பதாம் ஆணி காலி. அரைமணி கழித்து எண்ணினேன், பதினான்கு. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மறைந்து நின்று பார்த்தேன். மாமாதான். சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு ஒன்பதுக்குள் போனார், கால் மணி நேரத்தில் வெறுங்கையோடு வந்து வெளியே பூட்டினார். ஆள் இல்லாத அந்த அறையின் ஏ.சி. இரவும் பகலும் ஓடியது. பின்பக்கம் நிமிடத்துக்கு நாற்பது சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அதையும் எண்ணினேன். வீட்டில் நான்கு பேருக்கு அம்மா ஐந்து ஆழாக்கு அரிசி போட ஆரம்பித்திருந்தாள். கேட்டதற்கு, "நீ வளர்ற பிள்ளைல்லா" என்றாள். நான் சாப்பிட்டது பழைய அளவுதான். அம்மாவும் கூட்டு என்று புரிந்துபோயிற்று. மாமா அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்கிறார், சௌகரியத்துக்கு ஏ.சி. வேறு போட்டுக்கொள்கிறார். இதுதான் என் முடிவு.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் மாமா சாவியைத் திரும்ப மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். நான் ஒன்பதாம் ஆணியிலிருந்து அதை எடுத்து, முற்றத்து மணல் டின்களில் மூன்றாவதில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தேன். பெட்டி இனிப் பத்திரம்.

மூன்று பத்துக்கு ஒன்பதாம் அறையின் ஏ.சி. வெடித்தது. பெரிய சத்தமில்லை, யாரோ தகர டப்பாவை மிதித்ததுபோல. அடுத்த நிமிடம் கரும்புகை. மாமா ஈரத் தலையோடு ஓடிவந்து எங்கள் பலகையைப் பார்த்தார்.

"சாவி எங்கல?" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"ஆளில்லாத ரூம்தானே அண்ணே, பதறாதீங்க" என்றான் பன்னிரண்டாம் அறை எண்ணெய்க்காரன்.

அப்போது உள்ளே யாரோ இருமினார்கள். பெண் குரல்.

பாய், "மாப்ளே, நிக்காதீங்க, பூட்ட உடைங்க!" என்று கத்தினார். மாமா தீர்ந்துபோன தீயணைப்பானைத் தூக்கிப் பூட்டின்மேல் அடிக்கத் தொடங்கினார். அப்பா மணல் வரிசையை நிறுத்தினார். ஒத்திகையில் என் இடம் நான்காவது. முதல் டின் என் கைக்கு வந்து போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது வந்தது.

அதை ஏந்திக்கொண்டு நின்றேன். கையை விட்டால் சாவி. ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். ஆனால் அப்போதும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? மாமாவின் கூட்டாளி ஒருத்தி உள்ளே மாட்டிக்கொண்டாள் என்றது. பெட்டி திருடுகிறவர்கள் இரண்டு பேர் என்றது. டினைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தேன். அவர் அதை ஏ.சி. பொந்துக்குள் கவிழ்த்தார்.

பதினொன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. பதினொன்று. நான் தப்பாக எண்ணவில்லை.

மாமா தூக்கிவந்தது என் அம்மா வயதுள்ள ஒரு பெண்ணை. முன்முடி கருகியிருந்தது, காலில் செருப்பில்லை. மாமாவின் வலது முழங்கையிலிருந்து தோல் சுருண்டு தொங்கியது. அவள் எங்கள் அறையில் உட்கார்ந்து இருமி முடித்து என்னைப் பார்த்து, "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறீங்களா?" என்றாள். இலங்கைத் தமிழ். கொடுத்தேன். மூன்று டம்ளர் குடித்தாள்.

பூட்டோடு போராடிய நேரத்தில் புகை தெருவரை எட்டிவிட்டது. யார் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு இருவர்மேல் சந்தேகம் உண்டு. நிஜமான தீயணைப்பு வண்டி வந்து நான்கு நிமிடத்தில் எல்லாவற்றையும் அணைத்தது. அதிகாரி மரியாதையான மனிதர். விரலை நீட்டி அறைகளை ஒன்று முதல் பதினான்குவரை எண்ணினார். என்னைப்போல் எண்ணுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். எங்கள் அறை வாசலில் நின்று அந்தப் பெண் யார் என்று கேட்டார்.

"என் மனைவியின் தங்கை" என்றார் அப்பா, ஆங்கிலத்தில்.

அதிகாரி அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தாளில் எதுவும் எழுதாமல் தன் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் அவளைச் சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள். அப்பா பொய் சொல்கிறார் என்பதையும் குறித்துக்கொண்டேன். ஆறு நாள் கழித்துப் பாயின் காரில் ஏறிச் சித்தி போய்விட்டாள். வேலை செய்த வீட்டிலிருந்து அடி தாங்காமல் ஓடி பாய் கடைக்குள் நுழைந்தவள் அவள், தூதரகத்தில் ஊர் திரும்பும் காகிதம் தயாராகும்வரை ஒளிந்திருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. இது எனக்குத் தெரிந்தது பதினாறு வயதில், அம்மா சொல்லி. தீப்படையிடம் பணமில்லை, தண்ணீர் இல்லை, சாவிகள் இருந்தன. டிரைவரின் பெட்டியை யாரும் திறக்கவே இல்லை. அது தீயில்தான் போயிற்று.

தீப்பிடித்த மறுநாள் பாய் கருகிய மணலைச் சலித்தார். சல்லடையில் சாவி நின்றது. முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். அப்பாவின் பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பியது. மாமா கட்டுப்போட்ட கையோடு எட்டிச் சாவியை எடுத்தார்.

"குளிக்கப் போவும்போது டின்ன நகட்டி வச்சேன்லா, சட்டப் பையிலேருந்து விழுந்துருக்கும். எம் புத்திய செருப்பால அடிக்கணும்" என்றார்.

"நல்ல தலைவன்யா நீ" என்றான் எண்ணெய்க்காரன். இன்னும் நாலைந்து பேர் அதைவிட மோசமாகப் பேசினார்கள். முப்பது நாளில் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்திருந்த கோபம். மாமா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருடனும் மாட்டிக்கொண்டான், முட்டாள்தனமாகத் தானே ஒத்தும்கொண்டான், நான் தப்பித்துவிட்டேன்.

முந்தைய நாள் மதியம் மாமா கைலியும் பனியனும்தான் போட்டிருந்தார். பனியனுக்குப் பை கிடையாது. எல்லாவற்றையும் எண்ணிய எனக்கு அது மட்டும் பல வருடம் கணக்கில் வரவில்லை. வந்தபோது மாமா இல்லை.

குடும்பத்தோடு வேறு வீடு எடுக்க அப்பாவின் சம்பளம் போதவில்லை. ஆகஸ்ட் பதினான்காம் தேதி அம்மாவும் நானும் ஊருக்கு விமானம் ஏறினோம். அப்பா கம்பெனித் தொழிலாளர் கேம்ப்புக்குப் போனார். சரியாக ஏழு வருடம் கழித்து, அதே தேதியில் ஒரேயடியாகத் திரும்பினார். நடுவில் ஒரு லீப் வருடம், ஆக இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தாறு நாட்கள். மூன்று முறை விடுப்பில் வந்தார், தடவைக்கு நாற்பத்தைந்து நாள். கழித்தால் அப்பா வீட்டில் இல்லாத நாட்கள் இரண்டாயிரத்து நானூற்று இருபத்தொன்று.